கேட்பாரற்ற இடமும் குற்ற அச்சமும்

குற்றம் பற்றிய அச்சம் வழக்குகளின் எண்ணிக்கையோடு ஏறி இறங்குவதில்லை. காவல் நிலையத்தில் ஒரு புகாரும் பதிவாகாத ஊடுவழியைப் பெண்கள் இருட்டியபின் தவிர்ப்பார்கள். அடிதடி வழக்குகள் குவியும் சந்தை முக்கில் அதே பெண்கள் பேருந்துக்குக் காத்து நிற்பார்கள். முக்கில் வெளிச்சமும் ஆளும் உண்டு. ஊடுவழியில் புதரும் எரியாத விளக்கும்தான். ‘இங்கே ஏதாவது நடந்தால் கேட்க ஆளில்லை’ என்பதைப் புதரும் குப்பையும் வழிப்போக்கருக்கு அறிவிக்கின்றன. பராமரிப்பு அச்சத்தைத் தொடும் இடம் இதுதான்.

1982இல் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் எழுதிய ‘உடைந்த ஜன்னல்’ கட்டுரை இதை ஒரு சங்கிலியாக விளக்கியது. சீர்கேடு அச்சத்தைத் தரும். அச்சம் மக்களைத் தெருவிலிருந்து விலக்கும். ஆளற்ற தெருவில் குற்றம் பெருகும். இதன் கடைசிக் கண்ணி வலுவற்றது. சிகாகோ தெருக்களை ஆராய்ந்த சாம்ப்சனும் ராடன்புஷும், வறுமையும் அக்கம்பக்கத்தாரிடையே பிடிப்பு இல்லாமையும்தான் சீர்கேட்டுக்கும் குற்றத்துக்கும் பொதுவான வேர் என்று 1999இல் காட்டினர். முதல் கண்ணி அதைவிட உறுதியானது. பிலடெல்ஃபியாவில் 541 காலிமனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியைச் சுத்தம் செய்து, புல் வளர்த்து, தாழ்வான மரவேலி கட்டினர். 2018இல் வெளியான முடிவின்படி, சீரமைத்த மனைகளின் அருகே வசித்தவர்களிடம் ‘இங்கே குற்றம் அதிகம்’ என்ற எண்ணம் சுமார் 37 சதவீதம் குறைந்தது. வெளியே வந்து உட்காரும் பழக்கம் 76 சதவீதம் கூடியது. ஏழ்மை மிக்க பகுதிகளில் துப்பாக்கி வன்முறையும் குறைந்ததால், கடைசிக் கண்ணியை அடியோடு ஒதுக்கிவிடவும் முடியாது.

‘கேட்க ஆள் யார்’ என்ற கேள்வி கேரள–தமிழக எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களில் இரட்டிப்பாகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழகம்) சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவும் சந்தையும் கோடு பார்ப்பதில்லை, நிர்வாகம் பார்க்கிறது. இஞ்சிவிளைப் பக்கம் விளக்குக் கம்பம் கேரள மின்வாரியத்துடையது, விளக்குக்குப் பொறுப்பு பாறசாலை கிராமப் பஞ்சாயத்து. சிறிது தூரம் நடந்தால் கம்பம் தமிழக மின்வாரியத்துடையது, பொறுப்பு களியக்காவிளை பேரூராட்சி. காவல் நிலையமும் மாறிவிடுகிறது. இடையில் விளக்கு அணைந்தால் எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதே முதல் குழப்பம். இந்தக் குழப்பம் குப்பை கொட்டுவோருக்கு வசதி. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவால் லாரிகளில் திரும்பிப் போனது அதன் பெரிய வடிவம்.

சானல் கரைகளும் இப்படிக் கேட்பாரற்றுப் போன இடங்களே. நெய்யாறு இடதுகரைச் சானல் விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்குப் பாசனம் தரவேண்டியது. 2004 முதல் தமிழகப் பகுதிக்கு நீர் வரவில்லை. நீர் ஓடும் சானலுக்கு ஆண்டுதோறும் தூர்வாரலும் கரை வெட்டலும் உண்டு. நீர் நின்றால் அந்த ஆட்களும் வருவதில்லை. கரையோ காடு பிடித்த பிறகும் நடைபாதையாகவே தொடர்கிறது.

கேட்பாரற்ற இடத்தை அரசே உருவாக்குவதும் உண்டு: தொண்டி (வழக்கில் பிடிபட்ட) வாகனங்களைச் சாலையோரத்தில் அதுவே நிறுத்தி வைக்கிறது. கடத்தல், மணல் வழக்குகளில் பிடிபட்ட வண்டிகள் துருப்பிடித்துக் கொடி படர்ந்து கிடக்கும்போது, சட்டம் செயல்பட்டதன் சாட்சியே கேட்பாரற்ற இடமாகிவிடுகிறது. இவற்றைக் காவல் நிலையங்களில் நெடுநாள் வைக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே கூறியது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவின்படி, பொருள் நீதிமன்றத்தில் காட்டப்பட்ட 14 நாட்களுக்குள் விவரப் பட்டியல் தயாராக வேண்டும். படமும் எடுத்தபின் 30 நாட்களுக்குள் அதை என்ன செய்வதென்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். இந்தக் கெடுவைப் பயன்படுத்தி மனுச் செய்வது, புதிதாகக் கண்காணிப்புக் கேமரா வாங்குவதைவிடச் செலவு குறைந்த பாதுகாப்புப் பணி.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சாம்ப்சனும் ராடன்புஷும் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே அளவு குப்பை கிடந்தாலும் கறுப்பினத்தவரும் ஏழைகளும் வாழும் தெருவே அதிகம் சீர்கெட்டதாக மக்களுக்குத் தோன்றியது. எல்லையில் இந்தக் கோணல் மொழியிலும் வண்டி எண்ணிலும் வெளிப்படலாம். கே.எல். 19 பழகிய ஊரில் டி.என். 75 எண் சந்தேகத்துக்கு உரியதாகிறது, மறுபுறத்திலும் அப்படியே. புலம்பெயர்ந்த தொழிலாளர் குடியிருப்பும் இந்தப் பார்வைக்கு இலக்காகும். ‘பயமாக இருக்கிறது’ என்ற புகார் இடத்தைப் பற்றியதா, ஆட்களைப் பற்றியதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். புதருக்கு மருந்து அரிவாள். ஆட்களைப் பற்றிய ஐயத்துக்கு ரோந்தைக் கூட்டினால் அது மேலும் வேரூன்றும்.

செய்ய வேண்டியவற்றுக்கான அமைப்புகள் ஏற்கனவே இருக்கின்றன. தெருவிளக்குப் பராமரிப்பு கேரளப் பஞ்சாயத்துராஜ் சட்டப்படி கிராமப் பஞ்சாயத்தின் கட்டாயக் கடமை. கேரளக் காவல்துறை 2008இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தின் பீட் அலுவலர் வீடுவீடாகச் செல்பவர். கேரள மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீ சில பஞ்சாயத்துகளில் பெண்களைக் கொண்டே குற்ற வரைபடம் தயாரித்திருக்கிறது; வீடுவீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனாவினர் எல்லா வழிகளிலும் நடப்பவர்கள். இவர்களோடு களியக்காவிளைப் பக்கத்துப் பேரூராட்சி ஊழியரும் காவலரும் சேர்ந்து மாதம் ஒருமுறை மாலை ஏழு மணிக்கு எல்லை வழிகளில் நடந்து பார்க்கலாம். ஒவ்வொரு கம்பத்திலும் பொறுப்பான அலுவலகத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதப்பட வேண்டும்.

பலனை முதல் தகவல் அறிக்கைகளின் எண்ணிக்கையில் தேடக் கூடாது. அச்சம் குறைந்த ஊரில் புகார் கொடுக்கும் துணிவும் கூடலாம். சீரமைப்புக்கு முன்னும் பின்னும், இருட்டியபின் அவ்வழியில் நடக்கும் பெண்கள் எத்தனை பேர், அணைந்த விளக்கு எத்தனை நாளில் எரிந்தது என்ற இரண்டு கணக்குகளையும் எல்லையின் இருபுறமும் ஒரே படிவத்தில் எடுப்பது போதுமானது.