தபசும் பூனையும்

மகாபலிபுரத்துக்குப் போகிறவர்கள் அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆனால் பெரிய யானையின் காலடியில் நிற்கும் பூனையாரைக் கவனித்திருக்கிறீர்களா? மேலே எலும்பும் தோலுமாக ஒரு தவசி, கைகளைத் தூக்கி ஒற்றைக் காலில் நிற்கிறார். கீழே பூனையாரும் அதே மாதிரி கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். சுற்றிலும் எலிகள்!

சென்ற ஞாயிற்றுக்கிழமை செங்கற்பட்டுச் சிநேகிதி ஒருத்தியுடன் பஸ் ஏறிப் போயிருந்தேன். பூனையைப் பார்த்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"என்ர சித்தி மகளையும் இந்தப் பூனை எண்டுதான் சொல்லிப் போட்டினம்" என்றாள்.

சிநேகிதி, 1990-ல் தாயாரின் மடியில் படகேறி வந்த இலங்கைத் தமிழ்ப் பெண். செங்கற்பட்டுக்கு அவர்கள் புதியவர்கள் அல்ல. அவர்களில் சிலரைச் 'சிறப்பு முகாம்' என்ற பெயரில் பூட்டி வைத்த இடமும் அந்த ஊரில் ஒரு காலத்தில் இருந்தது. சித்தி மகளோ இலங்கையிலேயே தங்கி, 2009 யுத்தத்தில் அகப்பட்டு, பின்னால் தூர தேசம் ஒன்றுக்குத் தப்பிப் போனவள். அங்கே அகதியாக ஏற்கும்படி மனுப் போட்டாள். தன்னைப் பிடித்துப் போனது மாசி மாதம் என்று முதல் விசாரணையில் சொன்னாள். இரண்டாவதில் பங்குனி என்றாள். "தேதி மாறுகிறது, ஆகவே கதை பொய்" என்று அதிகாரி மனுவைத் தள்ளிவிட்டார்.

"தேதிகளை எழுதி வைத்துப் பாடம் பண்ணியிருக்கக் கூடாதோ?" என்றேன் நான். படித்த அசடு!

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் வெட்கப்பட்டேன். கொசோவோ, போஸ்னியா அகதிகள் 39 பேரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி, 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. பிரிட்டனில் தங்க அனுமதி பெற்றுவிட்ட அவர்களுக்குப் பொய் சொல்ல அவசியமே இல்லை. ஆயினும் நடந்ததை இரண்டு தடவை கேட்டபோது விவரங்கள் மாறின. முக்கியமான சம்பவத்தைவிட, அதைச் சுற்றியுள்ள சில்லறை விவரங்களே அதிகம் மாறின.

நமக்கு மட்டும் என்ன? குழந்தைக்கு ஜுரம் கண்டு நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடியதை மறப்போமா? ஆனால் அன்று செவ்வாயா, புதனா? கேட்டால் விழிக்கிறோம்.

இதை நீதிபதிக்கு எடுத்துச் சொல்லத்தான் மனோதத்துவப் பரிசோதனை. நிபுணர் பல மணி நேரம் தனியறையில் பேசுகிறார். தூக்கம், கெட்ட கனவு, நடுக்கம், ஞாபகக் குறைவு எல்லாவற்றையும் விசாரிக்கிறார். "இவள் சொல்வது சத்தியம்" என்று அவர் எழுதமாட்டார். "இவள் சொல்வதும் இவள் மனநிலையும் பொருந்துகின்றனவா?" என்பதற்குத்தான் பதில் எழுதுவார். இதற்கு 1999-ல் உருவான 'இஸ்தான்புல் நெறிமுறை' என்ற வழிகாட்டியை ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்டு, 2022-ல் திருத்தியது.

நிபுணர் அறிக்கையின் மதிப்புக்கு ஒரு தமிழரின் வழக்கே சாட்சி. லண்டனில், அவர் முதுகிலும் கையிலும் இருந்த சூட்டுத் தழும்புகளை, தாமே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டதாக இருக்கலாம் என்றார்கள். 2019 மார்ச்சில் பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட் அந்த முடிவை ரத்து செய்து, வழக்கை மறுபடி விசாரிக்கச் சொன்னது. அப்படித் தம்மையே சுட்டுக்கொள்கிறவர்கள் மிக அபூர்வம் என்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டது.

சரி, பணத்துக்கு எங்கே போவது? அமெரிக்காவில் இந்தப் பரிசோதனைக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கேட்பது சகஜம். அங்கே இந்த வழக்குகளுக்கு வக்கீலைக்கூட சர்க்கார் செலவில் அமர்த்துவதில்லை. ஆனால் தர்மவான்களும் இருக்கிறார்கள். 1986-ல் தோன்றிய 'மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள்' சங்கத்தின் டாக்டர்கள் காசு வாங்காமல் அறிக்கை எழுதுகிறார்கள். பல மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களே இதற்கென்று கிளினிக் நடத்துகிறார்கள். லண்டனில் ஹெலன் பாம்பர் என்ற மாதரசி 1985-ல் தொடங்கிய நிலையம், இன்று 'சித்திரவதையிலிருந்து விடுதலை' என்ற பெயரில் இதே பணியைச் செய்கிறது. பிரிட்டனில் சர்க்காரின் சட்ட உதவி நிதியிலிருந்தும் அறிக்கைச் செலவைப் பெற வழியுண்டு. வக்கீல் மூலம் கேட்க வேண்டும். சீக்கிரமே கேட்க வேண்டும்.

வெளிநாட்டில் இப்படித் தவிக்கும் உறவினர் உங்களுக்கு இருந்தால், சகோதரிகளே, நான் சொன்ன யோசனையைச் சொல்லிவிடாதீர்கள். ஒப்பித்த கதைதான் பூனையின் தபசு. ஞாபகமில்லாததை "ஞாபகமில்லை" என்றே சொல்லட்டும். பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்கலாம். மொழிபெயர்க்க உறவினர் வேண்டாம். அத்தையின் எதிரில் எந்தப் பெண் மனம் திறப்பாள்?

நேற்றுச் சிநேகிதி போன் செய்தாள். சித்தி மகளுக்கு இலவசமாகப் பார்க்கும் டாக்டர் அம்மாள் ஒருவர் கிடைத்திருக்கிறாராம். அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். தீர்ப்பு எப்படியோ, தெரியாது.

"ஒண்டையும் பாடமாக்காமல் போ எண்டு சொல்லிப் போட்டன்" என்றாள்.