வாய்ப்புண்ணுக்குப் பயந்து பாதியில் விடலாமா?



மூன்று வருடத்துக்குள் எல்லா மாவட்ட ஆஸ்பத்திரியிலும் புற்றுநோய்க்குப் பகல்நேர சிகிச்சை மையம், 2025-26லேயே 200 மையம் என்று 2025 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். டி.வி.யில் அதைக் கேட்டதும் எனக்கு அதற்கு முந்தின வருடம் நாங்கள் பட்ட பாடுதான் ஞாபகம் வந்தது.

என் மாமனாருக்கு நாற்பது வருடமாக வெற்றிலை, புகையிலைப் பழக்கம். கன்னத்தின் உள்பக்கம் புற்று வந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து, 30 நாள் கரண்ட் வைக்க வேண்டும், வாரம் ஒரு ஊசி மருந்தும் ஏற்ற வேண்டும் என்றார்கள். சென்னையில் ரூம் எடுத்துத் தங்கினோம். (கரண்ட் என்று நாம் சொல்கிறோமே தவிர அது மின்சாரம் இல்லை, கதிர்.)

மூன்றாவது வாரம் வாயெல்லாம் வெந்து போயிற்று. எச்சில்கூட விழுங்க முடியவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "கரண்ட் வச்சே வாயைக் கருக்கிட்டாங்க, ஊருக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்கள். மாமியார் சூடு என்று மணத்தக்காளிக் கீரை சமைத்தார். மாமனாரும் பிடிவாதம் பிடிக்க, ஊருக்கு வந்துவிட்டோம். நாலு நாள் போச்சு.

திரும்பப் போனபோது டாக்டரிடம் நல்ல திட்டு. வாய், தொண்டைப் புற்றுக்கு கரண்ட் வைக்கும்போது நடுவில் விட்டால், மிச்சமிருக்கும் புற்று செல்கள் அந்த இடைவெளியில் வேகமாகப் பெருகுமாம். வாயின் உள்தோல் அடிக்கடி உரிந்து புதிதாக வளர்வது. கதிர் அதையும் சேர்த்துத் தாக்குவதால்தான் புண். சிகிச்சை முடிந்து சில வாரத்தில் ஆறிவிடும் என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நாங்கள் ஏன் ஊருக்கு ஓடப் போகிறோம்?

அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாமே கரண்ட் புண் இல்லையாம். நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தது காளான் கிருமி. உதட்டோரமும் மேலண்ணத்திலும் கொத்தாக இருந்தது ஹெர்பிஸ் என்ற வைரஸ். காய்ச்சல் வந்தால் நமக்கு உதட்டில் கொப்புளம் வருமே, அதேதான். பலருக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டு நரம்பில் தூங்குமாம், உடம்பு தளர்ந்தால் எழுந்துவிடுமாம். கரண்ட் புண் ஆற நாளாகும், ஆனால் இது இரண்டுக்கும் தனித்தனியே மருந்து இருக்கிறது. மருந்து ஆரம்பித்து ஒரு வாரத்துக்குள் கஞ்சி இறங்கியது. எல்லாம் சூடு என்று உட்கார்ந்திருந்தால் மூக்கில் குழாய்தான்.

கால் ஸ்பூன் உப்பு, கால் ஸ்பூன் சமையல் சோடா ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து தினம் நாலைந்து தடவை கொப்பளிக்கச் சொன்னார்கள். கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் வேண்டாம், அதில் ஆல்கஹால் இருந்தால் எரியும் என்றார்கள். என் நாத்தனார் புற்று ஒட்டிக்கொள்ளும் என்று தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டாள். புற்று ஒட்டாது. ஆனால் வைரஸ் கொப்புளம் ஆறும்வரை எச்சில் டம்ளர் வேண்டாம், கைக்குழந்தைக்கு முத்தம் தரக்கூடாது என்று டாக்டரே சொன்னதால், பாதி விஷயத்தில் அவள் ஜெயித்துவிட்டாள்!

இப்போது பட்ஜெட் மையத்துக்கு வருகிறேன். அது முக்கியமாக ஊசி மருந்து ஏற்றும் இடம். கரண்ட் மெஷினுக்கு நம்மைப் போன்றவர்கள் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும். ஆனால் புண் உச்சத்துக்குப் போவது கடைசி வாரங்களிலும், முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும்தான். அப்போது சென்னை டாக்டர் எங்கே, நாம் எங்கே? ஆபரேஷன், கரண்ட் செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போனது, மறுக்கவில்லை. ரூம் வாடகை, பால், முட்டை, பஸ் சார்ஜுக்கு என் இரண்டு வளையல் போனது.

மாவட்ட மையத்தில் வாரம் ஒருநாள் வாயைத் திறந்து பார்க்க ஒரு பல் டாக்டர், வலிக்கு மருந்து, சாப்பிட முடியாதவருக்கு டிரிப்ஸ் ஏற்ற வசதி, கஞ்சி காய்ச்சுகிற பெண்ணைக் கூப்பிட்டு விவரம் சொல்ல ஒரு நர்ஸ், இவ்வளவு இருந்தாலே போதும். பாதியில் ஓடுகிறவர்கள் குறைவார்கள்.

விட்டுப்போன நாலு நாளையும் பிறகு ஈடுகட்டினார்கள். இப்போது குழைந்த ரசம் சாதம் சாப்பிடுகிறார். காரம் மட்டும் இன்னும் ஆகவில்லை. வெற்றிலைப் பெட்டியை மாமியார் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார்.

- ஒரு வாசகி, விருத்தாசலம்