வடம் பிடித்தவர் எல்லாரும் இழுத்தனரா?

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம்மவர் வழக்கு. ஒருவரால் அசைக்க இயலாததைப் பலர் சேர்ந்து நகர்த்தலாம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வடத்திற் கை வைத்தவர் அனைவரும் தம் முழு வலிமையையுங் கொடுத்து இழுக்கின்றனரா என்பது வேறு வினா.

இவ்வினாவை அளந்து பார்த்தவர், மக்ஸ் றிங்கல்மன் என்னும் பிரெஞ்சு வேளாண்மைப் பொறியியலாளர். 1880களில் இவர் ஆடவரைத் தனியாகவும் கூட்டாகவும் கயிறு இழுக்கச் செய்து, இழுவிசையைக் கருவி கொண்டு அளந்தார். 1913இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, தனியொருவரின் உழைப்பை 100 எனக் கொண்டால், இருவர் சேரும்பொழுது அது ஆளுக்கு 93 ஆகின்றது. நால்வர் சேர 77. எண்மர் சேர 49. எட்டுப் பேர் கூடி, ஏறக்குறைய நால்வரின் வேலையையே செய்தனர் என்பது இதன் பொருள்!

எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்காமையே இக்குறைவுக்கு முதன்மையான காரணம் என்று றிங்கல்மன் கருதினார். அது மட்டுந்தானா? 1974இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஓர் உபாயஞ் செய்தனர். ஒருவரின் கண்ணைக் கட்டி, கயிற்றின் முன்னணியில் நிறுத்தி, பின்னாற் பலர் இழுப்பதாக நம்ப வைத்தனர். உண்மையில் இழுத்தவர் அவரொருவரே. அப்பொழுதும் அவருடைய விசை குறைந்தது. தளர்ந்தது கயிறன்று, மனமே என்பது தெளிவாயிற்று.

1979இல் லற்றானே என்பவரும் இருவரும் சேர்ந்து, மாணவரை உரக்கக் கூவச் செய்து சோதித்தனர். ஆறு பேர் கூவுவதாக நம்பியவர், தனியே கூவிய அளவில் 74 விழுக்காடே கூவினர். 1981இல், ஒவ்வொருவர் குரலும் தனித்தனியே அளக்கப்படும் என்று அறிவித்தபொழுதோ, அக்குறைவு மறைந்தது.

ஆகவே, இதனை வெறுஞ் சோம்பல் என்று தள்ளிவிடுதல் தகாது. நாம் செய்ததை எவரும் அறியார், செய்யாவிடினுங் குறை தெரியாது என்னும் நிலையிற் கை தானே தளர்கின்றது. மற்றவர் சும்மாயிருக்கக் கண்டால், நாம் மட்டும் ஏன் ஏமாளியாவது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கின்றது.

இது கயிற்றோடு முடியும் செய்தியன்று. ஐந்து பிள்ளைகளைப் பெற்ற தாய்க்கு மருந்து முடிந்துவிட்டது. மூத்தவன் வாங்குவான் என்று இளையவனும், அருகில் இருப்பவள் பார்ப்பாள் என்று தொலைவில் இருப்பவனும் எண்ணுகின்றனர். ஐவருக்கும் அன்பு உண்டு; மருந்துப் போத்தலோ வெறுமையாகவே இருக்கின்றது. அன்பில்லாமையால் அன்று, ஆள் குறிக்கப்படாமையால் வந்த வினை இது.

பரிகாரம் அரிதன்று. "யாராவது செய்யுங்கள்" என்பதை விடுத்து, "இது உன் பொறுப்பு" என்று பெயர் சொல்லிப் பகிர்வோம். கூட்டத்தைச் சிறிதாக வைப்போம். செய்தவர் செயலை அறிந்து பாராட்டுவோம். 1993இல் 78 ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய இரு அறிஞர், தம் பங்கு இன்றியமையாதது என்று உணர்ந்தவரிடமும், ஒன்றித்த குழுவிலும், பொருளுள்ள வேலையிலும் இத்தளர்ச்சி குறைவு என்று கண்டனர்.

குழுவாகப் பாட வேலை செய்யும் மாணவர்காள்! ஏட்டின் முகப்பில் எல்லார் பெயரையும் எழுதுமுன், எப்பகுதி எவருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோரே, இன்று மாலையே வீட்டில் அவ்வாறு செய்து பாருங்கள். தேர் நகர்கின்றதே என்று மகிழ்வதோடு நில்லாது, நம் கைப்பிடியில் வடம் இறுகியிருக்கின்றதா என்றும் நோக்குவோமாக.