அழுகைக்கும் வேதத்தில் இடமுண்டு



அடம்பனில் எங்கள் ஒழுங்கையில், இரண்டு வீடு தள்ளி ஒரு மாமி இருக்கிறார். 2009 மே மாதம் வட்டுவாகல் பக்கம் சனத்தோடு சனமாக நடந்து வரும்போது மூத்த மகனைத் தவறவிட்டவர். விசாரணை என்று யார் வந்தாலும் மகனின் படத்தைக் கொண்டுபோய்ப் பதிவார். இன்றுவரை பதில் இல்லை.

ஒருநாள் பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது மாமி மெதுவாகச் சொன்னார்: “பிள்ளை, நான் இப்ப பைபிளைத் திறக்கிறேல்லை. திறந்தால் கடவுளோடை சண்டை பிடிக்கத்தான் வருது. அழுதால் விசுவாசம் குறைவு எண்டு சனம் சொல்லுது. என்னாலை அழாமலும் இருக்கேலாது, கும்பிடாமலும் இருக்கேலாது.”

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் இறையியல் படித்தவள் அல்ல. ஆனால் மாமியின் வேதனை எனக்கும் தெரிந்ததுதான். 2008இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது விவிலியத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். ஆண்டவரை மேய்ப்பராகப் பாடும் 23ஆம் திருப்பாடல் சிறுவயதிலிருந்தே எனக்கு மனப்பாடம். ஆனால் பிள்ளைகளோடு கஞ்சிக்கு வரிசையில் நின்ற நாட்களில் அது வாயில் வரவில்லை. விசுவாசம் போய்விட்டதோ என்று பயந்தேன்.

பதுங்குகுழிக்குள் இருந்து பக்கங்களைப் புரட்டிய ஒருநாள் 13ஆம் திருப்பாடல் கண்ணில் பட்டது. மிகச் சிறியது. இன்னும் எவ்வளவு காலம் என்று தொடக்கத்திலேயே நான்கு தரம் கடவுளைக் கேட்கிறது. என் நெஞ்சில் இருந்த கேள்வியை எனக்கு முன்னரே ஒருவர் கேட்டிருக்கிறார், அது வேதத்திலும் எழுதப்பட்டிருக்கிறது என்று நினைத்தபோது அழுகை பொங்கி வந்தது. பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் கொஞ்சம் நித்திரை கொண்டேன். ஷெல் சத்தம் நிற்கவில்லை. ஆனால் நான் தனியாக இல்லை என்று தெரிந்தது.

அந்தப் பக்கத்தைத்தான் மறுநாள் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். திருப்பாடல்கள் மொத்தம் 150. அவற்றுள் நன்றியும் புகழும் மட்டும் இல்லை, புலம்பல்களும் ஏராளம். 13ஆம் பாடல் புலம்பலில் தொடங்கி நம்பிக்கையில் முடிகிறது. 88ஆம் பாடலோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் யாரும் வேதத்திலிருந்து நீக்கிவிடவில்லை. இயேசுவும் சிலுவையில் தொங்கியபோது, கடவுள் தன்னைக் கைவிட்டது ஏன் என்று கேட்கும் 22ஆம் பாடலின் தொடக்கத்தைத்தான் சொன்னார்.

மாமி கனநேரம் பேசவில்லை. பிறகு, “இன்னொருக்கா வாசி பிள்ளை” என்றார்.

அதன்பின் இரிஸ்பாவின் கதையையும் வாசித்தோம். சாமுவேலின் இரண்டாம் நூல், 21ஆம் அதிகாரம். சவுல் அரசனின் துணைவியருள் ஒருத்தி அவள். வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நாட்களில் அவளுடைய இரண்டு மகன்மாரையும், சவுலின் பேரன்மார் ஐவரையும் கொன்று, உடல்களைப் புதைக்காமல் விட்டார்கள். அவள் சாக்குத் துணியைப் பாறையில் விரித்து அங்கேயே இருந்தாள். மழை பெய்யும் வரைக்கும் பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அண்டவிடவில்லை. அவள் பேசியதாக ஒரு சொல்லுக்கூட அங்கே எழுதப்படவில்லை. ஆனால் அவள் செய்தது தாவீது அரசனின் காதுக்கு எட்டியது. எலும்புகளைச் சேர்த்தெடுத்து அடக்கம் செய்ய ஏற்பாடு நடந்தது. பிள்ளைகளின் படத்தோடு தெருவோரம் இருக்கும் எங்கள் தாய்மாரை அவளிடம் கண்டோம். ‘போனது போகட்டும், மறந்துவிடு’ என்று வேதம் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுடைய காவலை மதித்துப் பதிந்து வைத்திருக்கிறது.

இந்தப் பக்கத்தை வாசிக்கும் சைவச் சகோதரிகளுக்கும் இது புதிதல்ல. எங்கள் திருக்கேதீச்சரத்தைப் பாடிய சுந்தரர், கண்பார்வை இழந்தபோது இறைவனோடு முறைப்பட்டுப் பாடியவர் அல்லவா? உரிமை உள்ள இடத்தில்தான் கோபமும் வரும்.

சகோதரிகளே, மனம் தாங்காத நாளில் முழு அதிகாரத்தையும் வாசித்து முடிக்கவேண்டும் என்றில்லை. ஒரு சிறு பாடலை எடுத்து, சத்தமாக, மெதுவாக வாசியுங்கள். முடியாவிட்டால் வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் பெயரையும் அதில் சேர்த்துச் சொல்லுங்கள். அழுகிறவளுக்கு உடனே புத்தி சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருந்தாலே போதும். நித்திரையும் சாப்பாடும் பல நாட்களாக இல்லையென்றால், வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால், செபத்தோடு நிற்காமல் வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ போங்கள். அது விசுவாசக் குறைவல்ல.

மாமியின் மகன் இன்னும் வரவில்லை. அவர் இன்னும் அழுகிறார். ஆனால் ஞாயிறு பின்னேரங்களில், வயலில் இருந்து காற்று வரும் நேரம், அவர் வீட்டு விறாந்தையில் நாங்கள் நாலைந்து பெண்கள் கூடுகிறோம். பைபிளை இப்போது மாமிதான் திறக்கிறார்.

அடுத்த மாதம் சந்திப்போம்.