மண் கோப்பை, வெள்ளிக் கோப்பை

“தனி கிளப் என்னாத்துக்குடா? நம்ம டீமுக்கே வந்து பௌலிங் போடுங்க. விளையாட்டுல ஏது சாதி?”

வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு காலனியில் கபடி, வாலிபால், கிரிக்கெட் மூன்றுக்கும் சேர்த்து ஒரு கிளப் பதிவு செய்யலாம் என்று பசங்க பேச ஆரம்பித்ததும் ஊரிலிருந்து வந்த சமாதானத் தூது இது. பாதிப் பேர் ஓசூர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் ஷிப்டு பார்க்கிறவர்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், எல்லை தாண்டினால் கன்னடம். மூன்று மொழியிலும் இதே கேள்வியைக் கேட்டு வளர்ந்தவர்கள். கவனியுங்கள், பந்து போடத்தான் கூப்பிடுகிறார்கள். கேப்டனாக யாரும் கூப்பிடவில்லை.

தோழர்களே, இந்த அழைப்புக்கு நூறு வயசுக்கு மேல் ஆகிறது.

சென்னையில் 1846இல் வெள்ளையர்கள் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினார்கள். இந்தியனுக்கு உள்ளே இடமில்லை. அந்த அவமானத்தில்தான் 1888இல் புச்சிபாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை உண்டாக்கினார். பம்பாயில் 1894இல் இந்து ஜிம்கானா வந்தது. வெள்ளைக்காரன் வாசலில் நிறுத்தினான் என்று இவர்களுக்கு வந்த ரோஷம் நியாயமானதுதான். ஆனால் இவர்கள் கட்டிய வாசலில் யாரை நிறுத்தினார்கள்?

பல்வங்கர் பாலு, 1876இல் தார்வாரில் சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் கிளப்பில் மாசம் நாலு ரூபாய்க்கு ஆடுகளத்தை உருட்டி, வலை கட்டி, துரைமார்களுக்கு மணிக்கணக்காகப் பந்து போட்டார். கிரெய்க் என்ற துரை, தன்னை அவுட்டாக்கினால் தடவைக்கு எட்டணா கொடுத்ததாகச் சொல்வார்கள். துரை அவரிடம் ஒருநாளும் மட்டையைக் கொடுக்கவில்லை. தொழில் பிரிவினை!

வெள்ளையர்களை ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் புனே இந்துக்களுக்குப் பாலு தேவைப்பட்டார். பார்ப்பன உறுப்பினர்கள் முனகினார்கள், கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தையே எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் பாலுவுக்குப் பெவிலியனுக்கு வெளியே, குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற மண் கோப்பை. உள்ளே இருந்தவர்களுக்குப் பீங்கான். நம்ம டீக்கடை இரட்டைக் குவளையை எல்லாரும் பட்டிக்காட்டுப் பழக்கம் என்கிறார்கள்; அது ஜிம்கானாக்காரர்களின் நாகரிகமும்தான்.

1906இல் பம்பாயில் இந்து அணி ஐரோப்பியரை 109 ரன்னில் தோற்கடித்தது. பாலுவும் தம்பி ஷிவ்ராமும் ஆடிய ஆட்டம். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் பாலு ஒருவரே 114 விக்கெட் எடுத்தார். இதுக்கு மேல் என்ன ‘தகுதி’ வேணும்? ஆனாலும் கேப்டன் பதவி வரவில்லை. 1913இல் கேப்டனாக இருந்த எம்.டி.பை, இந்த மரியாதை மூத்தவரான பாலுவுக்குத்தான் சேர வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷன் சொன்னதால் ஒன்றும் நடக்கவில்லை.

நடந்தது 1920இல். பாலுவை அணியிலிருந்து கழற்றிவிட்டு டி.பி.தேவதரைக் கேப்டனாக்கினார்கள். தம்பிகள் ஷிவ்ராமும் விட்டலும் “நாங்க ஆடமாட்டோம்” என்று விலகி, சாதிதான் காரணம் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். அடுத்த ஆட்டத்திலேயே பாலு துணைக் கேப்டன்! 1923இல் விட்டலே கேப்டன், வெள்ளிக் கோப்பையும் வந்தது. 114 விக்கெட்டால் முடியாததை ஒரு வேலைநிறுத்தம் முடித்தது. சிப்காட் கேட்டில் நின்று பழகினவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. 1922இல் துருக்கியிலிருந்து துரத்தப்பட்டு லட்சக்கணக்கான கிரேக்கர்கள் கிரேக்க நாட்டுக்கே அகதிகளாக வந்தார்கள். ஒரே மதம்தான், ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் இவர்களைத் ‘துருக்கி விதை’ என்று ஏசினார்கள். இவர்கள் யார் டீமிலும் இடம் கேட்டு நிற்கவில்லை. 1924இல் ஏதென்ஸில் ஏ.இ.கே., 1926இல் தெசலோனிக்கியில் பி.ஏ.ஓ.கே. என்று சொந்த கிளப் கட்டினார்கள். கால்பந்து, கூடைப்பந்து என்று பல விளையாட்டும் உண்டு. இரண்டு பெயரிலும் கடைசி எழுத்து, இழந்துபோன கான்ஸ்டான்டினோபிள் நகரம். பி.ஏ.ஓ.கே.யின் நிறம் கருப்பும் வெள்ளையும்: கருப்பு துக்கத்துக்கு, வெள்ளை நம்பிக்கைக்கு. அவர்கள் தீண்டப்படாதவர்கள் இல்லை, கையில் கொஞ்சம் முதல் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அப்படியே நமக்குப் பொருந்தாது. ஆனால் இழந்த ஊரை ஒளிக்காமல் நெஞ்சில் குத்திக்கொண்டு ஆடினார்களே, அது நமக்கு வேணும்.

அடுத்தவன் கிளப்பில் புகழ் வாங்கினால் கடனும் ஏறும். 1932 புனா ஒப்பந்தத்தில் பாலு கையெழுத்துப் போட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்திய ஆள் இதே பாலுதான். சுமார் 2,000 வாக்கில் தோற்றார். அவரை நான் துரோகி என்று எழுதமாட்டேன். மண் கோப்பையில் குடித்துக்கொண்டு அத்தனை வருஷம் பந்து போட்ட மனுஷன் அவர். அவரைத் தூக்கி நிறுத்தி, சமயம் பார்த்துச் செலவழித்தவர்களைத்தான் கேட்கணும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி பதிவுக்கு 7 பேர் போதும். காலனியில் 7 பேர் தயார். ஏரிக்கரைப் புறம்போக்கை மைதானமாக ஒதுக்கக் கேட்டு மனுவும் எழுதியாயிற்று. பெயரில்தான் சண்டை. பாலு பெயர் வேண்டாம், ஆட மறுத்த தம்பி விட்டல் பெயரை வைக்கலாம் என்றேன். “அது என்னண்ணா, சாமி பேராட்டம் இருக்குது?” என்கிறான் ஒருத்தன்.