டாக்டர் ஓட்டிய வண்டி

பழைய கார் சந்தையில் நிற்கும் வண்டிகளை வைத்துக் கணக்கிட்டால் இந்தியாவில் டாக்டர்களுக்குப் பஞ்சமே இருக்க முடியாது. தில்லி கரோல் பாக் ஆனாலும் சரி, தரகர் செல்போனில் அனுப்பும் படங்கள் ஆனாலும் சரி, வசனம் ஒன்றுதான்: "ஒரே ஓனர் சார். டாக்டர் வண்டி. வீட்டை விட்டா கிளினிக், கிளினிக்கை விட்டா வீடு." மீட்டர் 42,000 கிலோமீட்டர் காட்டுகிறது. பெயின்ட் பளபளக்கிறது. டாஷ்போர்டில் பாலிஷ் வாசனை. சர்வீஸ் புத்தகம்? "வீடு மாத்தறப்போ தொலைஞ்சு போச்சு சார்."

வாங்குபவர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30, வங்கிக் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரிபார்க்கிறார். நல்ல பழக்கம்தான். அரசும் இந்தப் பக்கத்தைத்தான் கவனித்திருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், பழைய கார் வியாபாரிகள் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும் என்றது. விற்பனைக்காக வண்டி அவர்கள் கையில் இருக்கும்வரை அவர்களே உரிமையாளர்களாகக் கருதப்படுவார்கள் என்றது. ஆனால் கார் யாருடையது என்று சொல்லும் காகிதம், அதன் பிரேக் ஆயிலைக் கடைசியாக எந்த வருடம் மாற்றினார்கள் என்று சொல்வதில்லை.

அதற்குப் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. வீட்டுக்கு வந்த கார் முதலில் போவது சீட் கவர் கடைக்கு. அடுத்து ரிவர்ஸ் கேமரா, மியூசிக் சிஸ்டம். மூன்றாவதாக, குடும்பத்தோடு ஒரு நீண்ட பயணம். தில்லிக்காரர் என்றால் பெரும்பாலும் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ஆக்ராவுக்கு. 2012இல் திறக்கப்பட்ட இந்த 165 கிலோமீட்டர் கான்கிரீட் சாலை, கோடையில் டயர் வெடித்து நேரும் விபத்துகளுக்குப் பேர்போனது. ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், மே மாத வெயில், வயது தெரியாத நான்கு டயர்கள்.

வயது தெரியாது என்பதுகூடச் சரியில்லை. அது டயரிலேயே எழுதியிருக்கிறது. பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று மகிழ்ந்து பயனில்லை. ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். டாக்டர் வண்டிக்கு இந்த ஆபத்து அதிகம் என்றுகூடச் சொல்லலாம். குறைவாக ஓடிய காரின் டயர்கள் தேய்ந்து தீர்வதற்குள் கிழடாகிவிடுகின்றன.

இந்த நான்கு இலக்கங்கள் இன்னொரு வேலையும் செய்கின்றன. 2016இல் வாங்கிய கார், மீட்டரில் 42,000. நான்கு டயர்களும் 2021இல் தயாரானவை, அவையும் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டன என்றால் கணக்கு உதைக்கிறது. முதல் ஜோடிகள் எப்போது தேய்ந்தன? டிஜிட்டல் மீட்டரைத் திருப்புவதற்கு ஒரு லேப்டாப்பும் கொஞ்ச நேரமும் போதும். ஆனால் கிளட்ச் மிதியின் தேய்ந்த ரப்பரையும் ஸ்டியரிங்கின் வழவழப்பையும் ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் நைந்திருப்பதையும் திருப்ப லேப்டாப் கிடையாது. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியும் சாட்சி சொல்லும். பலர் அதைத் தொடுவதே இல்லை என்பதால் அதில் மட்டும் காரின் பிறந்த வருடம் அப்படியே இருக்கும். வேண்டுமானால் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் பதிவு எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். வண்டி அங்கே போய்வந்திருந்தால் கம்ப்யூட்டரில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். உத்தரவாதக் காலம் முடிந்ததும் தெருமுனைப் பட்டறைக்கு மாறிய கார் என்றால் கதை அங்கேயே நின்றுவிடும்.

அப்படிக் கதை நின்றுபோன காருக்கு ஒரே வழிதான் உண்டு. எதுவும் மாற்றப்படவில்லை என்று வைத்துக்கொண்டு பூஜ்யத்திலிருந்து தொடங்குவது. இதில் கஞ்சத்தனம் உதவாது. ஆனால் வரிசை உதவும். மெக்கானிக்குகள் என்ஜினில் தொடங்குவார்கள். தொடங்க வேண்டியது, வண்டியை நிறுத்தும் சமாசாரங்களில்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் திரவம். டாட் 3 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. நான்கு சதவீதத்துக்கும் குறைவான நீர் சேர்ந்ததுமே அந்த வரம்பு 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. நகர நெரிசலில் இந்த வித்தியாசம் தெரியாது. மசூரியிலிருந்து டேராடூனுக்குப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது தெரியும். சூட்டில் திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாக, மிதி தரைவரை போகிறது, வண்டி நிற்பதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இந்தத் திரவம், பல கார்களில் தொழிற்சாலையில் ஊற்றியதோடு சரி. கருத்துப்போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம். கூடவே நான்கு சக்கரங்களையும் கழற்றி பேடு, டிரம், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டியதுதான்.

தில்லி, மும்பை, குஜராத் பக்கத்துக் கார்களில் வெளியே பொருத்திய சி.என்.ஜி. கிட் இருந்தால் அதையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. தேதி தாண்டிய சிலிண்டருக்கு மேல் குழந்தைகளின் பள்ளிப் பை கிடக்கிறது.

அடுத்தது, என்ஜினை ஒரே நொடியில் கொல்லக்கூடிய விஷயம்: டைமிங் பெல்ட். மாருதியின் கே வரிசை பெட்ரோல் என்ஜின்களிலும் ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் டீசலிலும் இருப்பது சங்கிலி. பயமில்லை, சத்தம் வந்தால் கவனித்தால் போதும். பழைய சான்ட்ரோவிலும் ரெனோ டஸ்ட்டர் டீசலிலும் இருப்பது ரப்பர் பெல்ட். அது கிலோமீட்டரால் மட்டுமல்ல, வயதாலும் சாகும். சாவதற்கு முன் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் தராது. டீசல் என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலேறி வால்வுகளில் இடிக்கும். அப்புறம் ஹெட்டைக் கழற்ற வேண்டும். செலவு சில சமயம் காரின் விலையிலேயே பாதியைத் தின்றுவிடும். "சத்தம் ஏதும் இல்லையே சார், இன்னும் பத்தாயிரம் ஓடும்" என்று மெக்கானிக் சொன்னால், எந்தப் பத்தாயிரம் என்று கேட்க வேண்டும். மீட்டரையே நம்ப முடியாதபோது இன்னும் எவ்வளவு ஓடும் என்று எப்படிச் சொல்வது? பெல்ட்டோடு டென்ஷனரையும், பல என்ஜின்களில் அதே பெல்ட்டில் சுழலும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றுவதுதான் சிக்கனம். பிரித்துப் பூட்டும் கூலி ஒரே தடவையோடு போகிறது.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அதுவும் என்ஜின் ஆறிய பிறகு திறந்தால், இந்தியக் காரின் உண்மையான ஜாதகம் தெரியும். பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்க வேண்டிய கூலன்ட்டுக்குப் பதில் பல கார்களில் டீ நிறத்தில் தண்ணீர் இருக்கிறது. வழியில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்கில், ஏதோ ஒரு போர்வெல் குழாயில் பிடித்தது. உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்புபோல் படிகிறது, துரு ஏறுகிறது, மெல்லிய குழல்கள் அடைபடுகின்றன. வண்டி சூடாகிறது. அப்போது நம் பட்டறைகளுக்கே உரிய வைத்தியம் ஒன்று நடக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிந்துவிடுகிறார்கள். அதோடு ரேடியேட்டர் மின்விசிறியை நேரடியாக இணைத்து, சாவி திருகியதும் ஓயாமல் சுற்றும்படி செய்துவிடுகிறார்கள். சூடு குறைகிறது, சந்தேகமில்லை. ஆனால் பெரும்பாலும் 80 டிகிரியைத் தாண்டியபின் திறக்க வேண்டிய கதவையே பெயர்த்துவிட்டதால் என்ஜின் நீண்ட நேரம் குளிராகவே ஓடுகிறது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது, ஆயில் சீக்கிரம் கெடுகிறது. முக்கியமாக, அடைபட்ட ரேடியேட்டர் அடைபட்டபடியே இருக்கிறது. ஒரு நீண்ட ஏற்றத்தில் அது தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். ஆக, காலையில் முதல் தடவை சாவி திருகியதுமே விசிறி சுற்றினால், அந்தக் காருக்கு ஒரு கடந்தகாலம் உண்டு என்று அர்த்தம். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்தி, உள்ளே கழுவி, கம்பெனி சொன்ன கூலன்ட்டை ஊற்றிப் பார்த்தால்தான் நோய் எது என்று தெரியும். (ஏ.சி.யிலும் இதே கதை. ஒழுகும் இடத்தைத் தேடாமல் வருடா வருடம் காஸ் நிரப்புவதை வைத்தியம் என்று சொல்ல முடியாது.)

வெள்ளம் பார்த்த கார்கள் தனி ஜாதி. 2005 ஜூலை மும்பையிலும் 2015 டிசம்பர் சென்னையிலும் கழுத்தளவு நீரில் நின்ற கார்கள் எல்லாமே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. வெளியூரில் குளித்து முழுகி விற்பனைக்கு வந்தவையும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியலாம். ஸ்டெப்னிக்கு அடியில் வண்டல் இருக்கலாம். அப்படி இருந்தால் பராமரிப்புப் பேச்சே வேண்டாம். வேறு வண்டி பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

தில்லியில் பத்து வயதைத் தாண்டிய டீசல் கார்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் விதித்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, அங்கிருந்து ஆட்சேபணை இல்லாச் சான்றிதழோடு பிற மாநிலங்களுக்கு ஏராளமான கார்கள் கைமாறின. விலை மலிவு. நகர நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாவதிலும் தவழ்ந்த வண்டிகள் அவை. கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் என்ஜின் ஓடிய மணி நேரம் அதிகம். கிளட்ச்சையும் டீசல் பில்டரையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதில் தவறில்லை.

என்ஜின் ஆயில் பற்றி மட்டும் எல்லோருக்கும் தெரியும். பில்டரோடு மாற்ற வேண்டும் என்பதுவரை சரி. ஆயில் மூடியின் அடிப்பக்கம் தார் போலக் கறுப்புக் குழம்பு படிந்திருந்தால், "ஃப்ளஷ் அடிச்சுடலாம் சார்" என்ற யோசனை வரும். வருடக்கணக்கில் படிந்த கசடு ஒரே நாளில் பெயர்ந்தால் அது போய் அடைப்பது ஆயில் உறிஞ்சும் வலையை. அழுத்தம் குறைந்து என்ஜின் பிடித்துக்கொண்டால் ஃப்ளஷ் அடித்தவர் பொறுப்பேற்க மாட்டார். நல்ல ஆயிலை ஊற்றி, 1,000 கிலோமீட்டர் ஓட்டி, திரும்பவும் ஆயிலையும் பில்டரையும் மாற்றுவதே பத்திரம். கசடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். கியர் பாக்ஸ் ஆயிலையும் அப்போதே பார்த்துவிடலாம். அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் செலவுதான். காரின் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது பேரம் பேசும்போதே மனதுக்குள் ஒதுக்கி வைக்காதவர், வாங்கிய விலையைத் தவறாகக் கணக்கிட்டிருக்கிறார். உதிரி பாகங்களைக் காஷ்மீரி கேட்டிலோ சென்னை புதுப்பேட்டையிலோ மலிவாக வாங்கலாம். ஆனால் பிரேக் பேடும் டைமிங் பெல்ட்டும் அங்கே பேரம் பேசி வாங்க வேண்டிய பொருட்கள் அல்ல. போலிப் பெட்டியும் அசல் பெட்டியும் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். கழற்றிய பழைய பாகங்களைப் பையில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்வதும் நல்லது. மெக்கானிக்குக் கொஞ்சம் கோபம் வரும், பரவாயில்லை.

சாவியைத் திருகியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் திருப்திப்பட ஒன்றுமில்லை. யாரோ அதைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஏன் என்று கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த செலவு. சீட் கவரின் முறை அதற்கப்புறம் வருகிறது.