ஸ்பிரிங்கை மாற்றுங்கள், செஸியில் கை வைக்காதீர்கள்



ஸ்கூல் வேன் ஓட்டும் நானாமாருக்கும், காரை மொடிஃபை பண்ணும் தம்பிமாருக்கும், அந்த வேன்களில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

வாகனத்தின் சஸ்பென்ஷனை மாற்றுவது குற்றமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருஷமும் பழைய வாகனத்தைப் பழுதுபார்த்தே ஓட்டினோம். இப்போதும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதனால் ஷொக் தேய்ந்தால் வேறு கம்பனி ஷொக் போடுகிறோம், பின்பக்கம் இறங்கினால் பலமான ஸ்பிரிங் தேடுகிறோம். இதெல்லாம் நியாயம். என் கவலை அந்தச் சாமானைப் பற்றியதல்ல. அதைப் பூட்டும் விதத்தைப் பற்றியது.

ஒரு விஷயத்தை முதலில் விளங்கிக்கொள்வோம். ஹைலக்ஸ் மாதிரி பிக்அப்பில் ஏணி போல ஒரு தனிச் செஸி இருக்கும். அதன் மேல்தான் பொடி உட்காரும். வெகன்ஆர், அல்டோ, விட்ஸ் கார்களில் அப்படித் தனிச் செஸி கிடையாது. பொடியே செஸி. நம்மூர் ஸ்கூல் வேன்களில் அதிகம் காணும் கே.டி.எச். கூட அப்படித்தான், நீளமாகத் தெரியும் சட்டங்கள் தரைத் தகட்டோடு சேர்ந்தே இருக்கின்றன. எனவே காரில் ஷொக்கின் மேல்முனை பிடித்திருக்கும் இடத்தையோ, வேனில் லீஃப் ஸ்பிரிங் தொங்கும் கொளுவியையோ வெட்டி ஒட்டினால், வாகனத்தின் முதுகெலும்பைத்தான் வெட்டி ஒட்டுகிறோம்.

நம் கராஜ்களில் சாதாரணமாக நடக்கும் மூன்று வேலைகளை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, வெல்டிங். புதுச் சாமானின் கொளுவி பொருந்தாவிட்டால் உடனே ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டு பிடித்த இடம் பலமாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சூடு பட்ட பக்கத்து இரும்பு தன் பழைய உறுதியை இழக்கிறது. பிறகு வெடிப்பு அநேகமாக ஒட்டில் வராது, ஒட்டின் ஓரத்தில் வரும். பெயின்ட்டுக்கு அடியில் மெதுவாக வளரும்.

இரண்டாவது, ஓட்டை. செஸிச் சட்டத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் பாரம் ஏறும்போது அதிகமாக இழுபடும், நசிபடும். அங்கே ட்ரில் பண்ணினால் வெடிப்புக்கு நாமே வாசல் திறந்து கொடுக்கிறோம். கடற்கரை ஊர்களில் இன்னொரு கேடு: பெயின்ட் படாத ஓட்டையின் ஓரத்தை உப்புக் காற்று தின்னத் தொடங்கும்.

மூன்றாவது, ஸ்பிரிங் வெட்டுவது. கார் தரையோடு படிந்து நிற்க வேண்டும் என்று கேஸ் வைத்து கொயிலை வெட்டுகிறார்கள். சூட்டில் ஸ்பிரிங்கின் குணம் கெடுகிறது, இருக்கையில் சரியாக உட்காராது. அதைவிட முக்கியம், மேலும் கீழும் அசைய இடம் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பர் தடுப்பு நசுங்கி, அடி நேராகப் பொடியில் விழும்.

வேன் நானாமாருக்குத் தனியாக ஒன்று. ஸ்பிரிங் மென்மையாக இருப்பது குறையல்ல, அதுதான் அதன் வேலை. பள்ளத்தின் அடியை அது வாங்கிக்கொள்வதால்தான் செஸி தப்புகிறது. கூடுதலாக இரண்டு லீஃப் போட்டு விறைப்பாக்கினால் அந்த அடி மறைந்து போவதில்லை. கொளுவிக்கும் சட்டத்துக்கும் இடம் மாறுகிறது. லீஃப் கூடியதால் வேன் தாங்கும் பாரமும் கூடிவிடாது. பதினைந்து பிள்ளைகளுக்கான வேனில் இருபத்தைந்து பேரை ஏற்ற எந்த ஸ்பிரிங்கும் அனுமதி தரவில்லை.

அப்படியானால் சரியாகச் செய்வது எப்படி? உங்கள் மொடலுக்கென்றே செய்த, இருக்கும் ஓட்டையில் இருக்கும் போல்ட்டில் பூட்டக்கூடிய சாமானை மட்டும் வாங்குங்கள். வெட்டாமல் பொருந்தாது என்றால் அது உங்கள் வாகனத்துக்கான சாமான் இல்லை. பூட்டுவதற்கு முன் பிடிமான இடங்களைச் சுத்தமாக்கித் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். துருப்பிடித்த இடத்தில் பலமான ஸ்பிரிங் பூட்டுவது, உக்கிய மரத்தில் ஊஞ்சல் கட்டுவது போல.

ஜெக்கை அதற்கென்று குறித்த இடத்தில் மட்டும் வைக்க வேண்டும், தரைத் தகட்டில் அல்ல. தூக்கிய பிறகு ஸ்டாண்ட் வைக்காமல் ஒருவரும் கீழே போகக் கூடாது. லீஃப் ஸ்பிரிங்கின் யூ-போல்ட்டைப் புதிதாகவே போடுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளின் கடைசி இறுக்கு, வாகனம் கீழே இறங்கிப் பாரம் ரயரில் நிற்கும்போதுதான். தூக்கி வைத்தபடி இறுக்கினால் புஷ் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும், பிறகு இரும்பும் இரும்பும் அடிபடும். இறுக்குவதும் கை மதிப்பில் அல்ல, டோர்க் ரென்ச்சில். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி போய் இறுக்கம் பாருங்கள். வீல் எலைன்மென்ட்டையும் விடாதீர்கள்.

“இருபது வருஷமா ஒட்டித்தான் ஓடுறோம், ஒண்டும் நடக்கல்லியே” என்று சில பாஸ்மார் சொல்வார்கள். அவர்கள் கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரும்பு களைத்துப் போவது ஒரே நாளில் தெரியாது. முறியும் நாளில் வேனுக்குள் யார் இருப்பார்கள் என்பதை நாம் தெரிவு செய்யவும் முடியாது.

“செலவு கூட” என்பதும் உண்மைதான். ஆனால் ஸ்பிரிங் பிழைத்தால் ஸ்பிரிங் மாற்றலாம். செஸி வெடித்தால் என்ன மாற்றுவது? பதிவுப் புத்தகத்தில் இருப்பதே செஸி நம்பர். லீசிங் கட்டி முடியாத வேனில் செஸி வெடித்தால் ஒரு குடும்பத்தின் உழைப்பே நின்றுவிடும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் ஆட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டிய சாமான்களைக் கழற்ற வைத்தது நினைவிருக்கும். அவை கண்ணுக்குத் தெரிபவை. வேனுக்கு அடியில் இருக்கும் ஒட்டை வீதியில் நின்று யார் பார்ப்பது? புகைப் பரிசோதனையும் புகையைத்தான் பார்க்கும்.

ஆகவே பெற்றோரே, மாதக் காசைக் குறைக்கப் பேரம் பேசும் நாம் இதையும் கேட்போம். வேன் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? கதவு முன்பு போல் மூடவில்லையா? பள்ளத்தில் இறங்கும்போது அடியில் ‘டக்’ என்று சத்தம் வருகிறதா? மரியாதையாக, தனியாக எடுத்து, “நானா, ஒருக்கா ஜெக் அடிச்சுப் பாருங்களேன்” என்று சொல்வோம். வேலை செய்ய ஒரு நாள் வேன் நின்றால் அந்த நாள் காசைக் கழிக்காமல் கொடுப்போம். நாம் அவசரப்படுத்துவதும்தான் அவரை ஒட்டு வேலைக்குத் தள்ளுகிறது.

நானாமாரே, காலையில் உங்கள் வேனில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையும் உங்களிடம் ஒப்படைத்த அமானிதம். ஸ்பிரிங் உங்கள் விருப்பம். செஸியை மட்டும் அது வந்தபடியே விட்டுவிடுங்கள்.

ஊரில் வெட்டாமல் ஒட்டாமல் நேர்த்தியாக வேலை செய்யும் பாஸ்மாரைத் தெரிந்தவர்கள் கொமெண்டில் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரருக்கு நாலு வேலை கிடைக்கட்டும்.